எண்ணிக்கை சரி, ரத்தம் மட்டும் நிற்கவில்லை

டெங்கு பரவும் மாதங்களில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்றால் நிம்மதி. ஐம்பதாயிரம் என்றால் கலக்கம், பப்பாளி இலைச் சாறு, வாட்ஸ்அப்பில் ரத்த தானக் கோரிக்கை. தட்டணு (பிளேட்லெட்) என்றாலே ஓர் எண் என்று நமக்குப் பழகிவிட்டது.

அந்த எண் இரண்டரை லட்சம் இருந்தும் பல் விழுந்த இடத்தில் இரண்டு நாள் ரத்தம் கசிகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் மாதவிடாயிலேயே ஹீமோகுளோபின் 5க்கு இறங்கி மருத்துவமனைக்கு வரும் சிறுமிகள் இருக்கிறார்கள். ரத்த உறைவுக்கான வழக்கமான சோதனைகளான பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் இவர்களுக்குச் சரியாகவே இருக்கும். 1918இல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் குழந்தை மருத்துவர் எட்வார்ட் கிளான்ஸ்மான் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார். தட்டணுக்கள் போதிய அளவு இருக்கின்றன, ஆனால் பலவீனமாக இருக்கின்றன என்பது அவர் முடிவு. பலவீனம் என்பதை எப்படி அளப்பது? அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதற்கு உருப்படியான வழி கிடையாது. காதுமடலிலோ முன்கையிலோ சிறிதாகக் கீறி, ரத்தம் நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். கீறுகிறவர் கை, தோலின் தடிமன், அறையின் குளிர், எல்லாம் அந்த நிமிடங்களை மாற்றும். இந்தச் சோதனையை இன்னும் எழுதித் தருகிற மருத்துவர்கள் உண்டு. அதை எப்போதோ கைவிட்டிருக்க வேண்டும்.

வழி திறந்தவர் குஸ்டாவ் பார்ன். 1921இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிறந்தவர். இயற்பியலாளர் மாக்ஸ் பார்னின் மகன். 1933இல் யூதர்களைப் பல்கலைக்கழகப் பதவிகளிலிருந்து நீக்கியபோது குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. இடையில் தகப்பனார் 1935-36 வாக்கில் சி.வி. ராமன் அழைப்பில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சில மாதங்கள் பணிபுரிந்தார். அங்கே நிரந்தர இடம் அமையாமல் கடைசியில் எடின்பரோவுக்குப் போனார். மகன் எடின்பரோவில் மருத்துவம் படித்து, பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து, போர் முடிந்தபின் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். அணுகுண்டுக் கதிர்வீச்சில் எலும்பு மஜ்ஜை அழிந்து, தட்டணு இல்லாமல் ரத்தம் கசிந்தவர்களை அங்கே பார்த்தார். தட்டணுக்கள் மீது தன் கவனம் திரும்பியதற்கு அதுவே காரணம் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். (பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜான் இவருடைய அக்காள் மகள். ரத்தவியல் மாநாடுகளில் தேநீர் இடைவேளைக்கு உதவும் தகவல்.)

ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலின் புகழ் ஃப்ளோரியிடம் ஆய்வுப் பட்டம். 1950களில் பார்ன் பிடித்துக்கொண்ட கேள்வி சிறியது: தட்டணுவுக்குள் ஏ.டி.பி. (அடினோசின் டிரைபாஸ்பேட்) ஏன் இவ்வளவு குவிந்து கிடக்கிறது? ரத்தம் உறையும்போது அது ஏன் சட்டென்று குறைகிறது? அதே காலத்தில் நார்வேயின் ஓஸ்லோவில் ஹெல்லெம், சிவப்பணுக்களிலிருந்து வரும் ஏதோ ஒரு பொருள் தட்டணுக்களைக் கண்ணாடியில் ஒட்டவைக்கிறது என்று கண்டிருந்தார். 1961இல் கார்டர் முதலான அவருடைய சகாக்களோடு சேர்ந்து அந்தப் பொருள் ஏ.டி.பி.யின் தம்பியான அடினோசின் டைபாஸ்பேட் என்று உறுதிசெய்தார்கள். இரண்டையும் தமிழில் எழுதினால் ஒரே எழுத்துகள் வந்து குழப்பும் என்பதால், டைபாஸ்பேட் என்றும் டிரைபாஸ்பேட் என்றுமே இனி எழுதுகிறேன்.

1960இல் பார்ன் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் மருந்தியல் பேராசிரியர் ஆனார். 1962 ஜூனில் 'நேச்சர்' இதழில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. தட்டணு நிறைந்த பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) பார்வைக்குக் கலங்கலாக இருக்கும். அதைச் சிறு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 37 டிகிரியில் வைத்து, நிற்காமல் கலக்கிக்கொண்டே அதன் வழியாக ஒளியைச் செலுத்தினார். டைபாஸ்பேட் ஒரு துளி விட்டதும் தட்டணுக்கள் கூடித் திரள்கின்றன. பால் திரிந்தால் நீர் பிரிந்து தெளிவதுபோல் பிளாஸ்மா தெளிகிறது. ஒளி கூடுதலாகப் பாய்கிறது. அந்தக் கூடுதலை ஒரு பேனா தாளில் கோடாக வரைகிறது. அவ்வளவுதான் கருவி. இங்கிலாந்திலேயே ஓ'பிரையனும் அதே ஆண்டு தனியாக இதே முறைக்கு வந்து சேர்ந்தார். ஆனாலும் அக்ரிகோமீட்டர் (திரள்வதை அளக்கும் இந்தக் கருவி) என்றால் பார்ன் பெயர்தான் நிலைத்தது.

அந்தக் கட்டுரையின் கடைசி வரிகளை மருந்து ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். ரத்தக் குழாய்க்குள்ளும் டைபாஸ்பேட்தான் தட்டணுக்களைத் திரட்டுகிறது என்று தெரிந்தால், அதைத் தடுக்கும் ஒரு பொருள் ரத்தக்கட்டு நோய்க்கு மருந்தாகலாம் என்று பார்ன் அங்கே ஊகித்திருந்தார். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சோதனை. அறுபது ஆண்டுகள் கழித்தும் தட்டணுச் செயல்பாட்டுக்கு உரைகல் இதுதான். ஆனால் கைபட்டால் கெட்டுப்போகும் சோதனையும் இதுதான்.

ரத்தம் எடுப்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. 21 கேஜ் ஊசி போதும். அதைவிட மெலிந்தது வேண்டாம். கட்டுப்பட்டையை இறுக்கிக் கட்டி நீண்ட நேரம் விட்டால் தட்டணுக்கள் அங்கேயே தூண்டப்பட்டுவிடும். முதலில் வரும் 3-4 மில்லி வேறு சோதனைக்குப் போகட்டும். குழாயில் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம், அதாவது 0.3 மில்லிக்கு 2.7 மில்லி. ரத்தம் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் சிட்ரேட் மிகுந்து, கால்சியம் மேலும் இறங்கி, வரைபடம் படுத்துவிடும். மூடி ஊதா நிறமாக இருக்கும் ஈ.டி.டி.ஏ. குழாய் இதற்கு உதவவே உதவாது. கால்சியத்தை அது முழுக்கப் பிடித்துக்கொள்வதால் திரள்வதற்கான புரதமே நிலைகுலைந்து போகும்.

குழாயை ஐஸ் பெட்டியில் போடக் கூடாது. எல்லா ரத்த மாதிரிகளையும் குளிரவைத்தே அனுப்பிப் பழகிய சேகரிப்பு மையங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது. குளிர்ந்தால் தட்டணு தன் தட்டு வடிவத்தை இழந்து உருண்டு முட்கள் நீட்டும். ரத்த வங்கியில் தட்டணுப் பைகளை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காமல் 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்திருப்பதற்கும் காரணம் அதுதான். நல்ல பை ஒன்றை விளக்குக்கு எதிரே பிடித்து மெல்லத் திருப்பினால் உள்ளே பட்டுத்துணி அசைவதுபோன்ற மினுமினுப்பு சுழலும். தட்டு வடிவில் உள்ள தட்டணுக்கள்தான் ஒளியை அப்படிச் சிதறவிடும். மினுமினுப்பு இல்லாத பையை ரத்த வங்கி டெக்னீஷியன் வெளியே தரமாட்டார். அக்ரிகோமீட்டருக்கு வந்த பிளாஸ்மாவையும் இப்படி ஒரு முறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். செலவில்லை, ஐந்து வினாடி வேலை.

அடுத்தது சென்ட்ரிஃபியூஜ். 200 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப்போல் 200 மடங்கில், 10 நிமிடம், பிரேக் போடாமல். சிவப்பணுக்கள் அடியில் தங்கும், தட்டணு நிறைந்த பிளாஸ்மா மேலே நிற்கும். பிரேக் போட்டால் அது கலங்கிச் சிவப்பணு கலந்துவிடும். இங்கே ஒரு பொறி. பல லேப்களில் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் "1300 ஆர்.பி.எம்." என்று மட்டும் எழுதியிருக்கும். 10 செ.மீ. ஆரமுள்ள பழைய எந்திரத்தில் அது ஏறக்குறைய 190 ஜி. புதிதாக வாங்கிய எந்திரத்தின் ஆரம் 16 செ.மீ. என்றால் அதே 1300 சுற்றில் 300 ஜி வந்துவிடும். பெரிய தட்டணுக்கள் சிவப்பணுக்களோடு கீழே போய்விடும். நோயாளியின் தட்டணுதான் மோசம் என்று ரிப்போர்ட் போகும். எந்திரம் மாறினால் தாளும் மாற வேண்டும். எழுதுவது ஜி கணக்கில் இருக்க வேண்டும்.

மேல் பிளாஸ்மாவைப் பிளாஸ்டிக் பைப்பெட்டால் இழுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் குழாயில் வைக்க வேண்டும். திறந்து வைத்தால் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும், தட்டணுவின் போக்கு மாறும். மிச்ச ரத்தத்தை 1500 ஜியில் 15 நிமிடம் சுற்றினால் தட்டணு இல்லாத தெளிந்த பிளாஸ்மா கிடைக்கும். கலங்கல் பிளாஸ்மாவுக்கு 0 சதவீதம், தெளிந்ததற்கு 100 சதவீதம் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். முதல் நாள் இரவு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவரின் தெளிந்த பிளாஸ்மாவே பால்போல இருந்தால், இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இடமே இருக்காது. வரைபடத்தை நம்ப முடியாது. கொழுப்பில்லாத உணவு, காபி வேண்டாம், வருவதற்கு முன் அரை மணி நேரமாவது சிகரெட் வேண்டாம் என்று சொல்லியனுப்புவது இதற்காகத்தான்.

பிளாஸ்மா அரை மணி நேரம் அறை வெப்பத்தில் ஓய்வெடுக்கட்டும். ரத்தம் எடுத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். காலையில் கடலூரில் எடுத்து, மாலையில் சென்னையில் ஓட்டுகிற கதை இதில் நடக்காது. நோயாளிதான் லேப்புக்கு வர வேண்டும்.

குழாயில் 225 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா, சின்னக் காந்தத் துண்டு ஒன்று, 37 டிகிரி, நிமிடத்துக்கு 1000 சுற்று. தட்டணுக்களைத் திரளவைக்கும் தூண்டு மருந்து (டைபாஸ்பேட் போன்றது) 25 மைக்ரோலிட்டர். காந்தத் துண்டைப் போட மறந்தால் எந்த மருந்துக்கும் கோடு அசையாது. தட்டணுக்கள் ஒன்றோடு ஒன்று மோதினால்தான் திரளும். சும்மா நிற்கும் பிளாஸ்மாவில் மோதல் இல்லை. "எல்லா மருந்துக்கும் பூஜ்யம்" என்று வந்தால் கிளான்ஸ்மான் விவரித்த நோய் என்று எழுதும் முன் குழாய்க்குள் எட்டிப் பாருங்கள்.

தூண்டு மருந்துகளிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கொல்லாஜன் நார்நாராக அடியில் தங்கும். ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு எடுக்காவிட்டால் முதல் நோயாளிக்கு வெறும் நீரும் கடைசி நோயாளிக்குக் கூழும் போகும். அராகிடோனிக் அமிலம் காற்றுப்பட்டால் ஆக்சிஜன் ஏறிக் கெட்டுவிடும். அட்ரினலினுக்கு நல்ல ஆரோக்கியமான சிலரிடமே பதில் வராது. அதை மட்டும் வைத்து யாரையும் நோயாளி ஆக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் கூடவே ஓட்டுவது இந்தத் தொல்லைகளையெல்லாம் பிடிக்கத்தான்.

கோட்டைப் படிப்பது தனிக் கலை. டைபாஸ்பேட் விட்டவுடன் ஒளி முதலில் கொஞ்சம் குறையும். தட்டு உருண்டையாகிற கணம் அது. பிறகு ஏறும். குறைந்த அளவு விட்டால் ஏறிவிட்டுத் திரும்ப இறங்கிவிடும். நடுத்தர அளவில் ஒரு ஏற்றம், ஒரு சிறு தயக்கம், இரண்டாவது ஏற்றம். தட்டணு தன் துகள்களையும், மற்றத் தட்டணுக்களைத் தூண்டும் திராம்பாக்சேன் என்ற பொருளையும் தானே வெளியிடும்போது வருவது அந்த இரண்டாவது அலை. பாடப்புத்தகங்களில் அழகாக இருக்கும் இந்த இரட்டை அலை, உண்மையில் சிட்ரேட் கால்சியத்தைக் குறைத்ததால் வருவது. உடம்புக்குள் இருக்கிற கால்சியம் அளவில் டைபாஸ்பேட் இப்படிச் செய்வதில்லை. அதனால் இது பயனற்றது என்றில்லை; ஆஸ்பிரின் சாப்பிட்டவரிடம் இரண்டாவது அலை காணாமல் போவதால் துப்புக் கொடுக்கிறது.

ஆஸ்பிரின்தான் இந்தச் சோதனையின் பெரிய எதிரி. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அதனால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. அதன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை முடக்கம் தொடரும். "ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "தலைவலி, ஜலதோஷம், மூட்டுவலி, பல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஏதாவது வாங்கினீங்களா?" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அராகிடோனிக் அமிலத்துக்கு மட்டும் கோடு படுத்திருந்தால் பரம்பரை நோயைத் தேடும் முன் அந்த மாத்திரை அட்டையைத் தேடுங்கள்.

நோய்களுக்கு வருவோம். கிளான்ஸ்மான் நோயில் டைபாஸ்பேட், கொல்லாஜன், அராகிடோனிக் அமிலம், அட்ரினலின் எதற்கும் திரளாது. ரிஸ்டோசெடின் ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். பெர்னார், சூலியே என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் 1948இல் விவரித்த நோயில் நேர் மாறாக, மற்ற எல்லாவற்றுக்கும் திரண்டு ரிஸ்டோசெடினுக்கு மட்டும் அசையாது.

ரிஸ்டோசெடினின் கதை விசித்திரமானது. அது ஒரு ஆன்டிபயாட்டிக்காக விற்பனைக்கு வந்தது. கொடுத்த நோயாளிகளுக்குத் தட்டணு எண்ணிக்கை சரிந்ததால் திரும்பப் பெறப்பட்டது. 1971இல் ஆஸ்திரேலியர்களான ஹோவர்டும் ஃபிர்கினும் அதே தீய விளைவைச் சோதனைக் குழாயில் பயன்படுத்தினார்கள். பிளாஸ்மாவில் வான் வில்லிபிராண்ட் புரதம் இருந்தால் ரிஸ்டோசெடின் அதைத் தட்டணுவோடு ஒட்டவைக்கும். புரதம் இல்லாதவரிடம் ஒட்டாது. 1926இல் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஓலாந்து தீவுகளில் ஒரே குடும்பத்தில் கண்டு எழுதிய ரத்தக்கசிவு நோய்க்கு அப்படித்தான் எளிய சோதனை கிடைத்தது. மருந்தாகத் தோற்றது, லேப்பில் நிலைத்துவிட்டது.

ரிஸ்டோசெடினுக்குக் கோடு எழவில்லை என்றால் குறை புரதத்திலா தட்டணுவிலா? ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவைக் கொஞ்சம் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். எழுந்தால் புரதக் குறை, வான் வில்லிபிராண்ட் நோய். எழாவிட்டால் தட்டணுவில் அதைப் பிடிக்கும் கொக்கியே இல்லை, பெர்னார்-சூலியே. இந்த இரண்டாவது கூட்டத்தாருக்குத் தட்டணுக்கள் ராட்சத அளவில் இருக்கும். எண்ணும் எந்திரம் அவற்றைச் சிவப்பணுவாகக் கணக்கிட்டு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். எதிர்ப்பாற்றல் கோளாறால் தட்டணு குறைந்திருக்கிறது என்று தவறாகக் கருதி, இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. ஸ்லைடை ஒரு முறை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயம்.

பார்ன் சொன்ன மருந்து ஊகத்துக்கு வருகிறேன். டிரைபாஸ்பேட்டும் அடினோசினும் டைபாஸ்பேட்டின் வேலையைத் தடுக்கின்றன என்று அவருடைய ஆய்வுக்கூடமே காட்டியது. பிறகு மருந்து நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான பொருள்களை அக்ரிகோமீட்டரில் ஓட்டித் தேடின. டிக்லோபிடின், குளோபிடோக்ரல் இரண்டும் இலக்கு எது என்று தெரியாமலே கண்டுபிடிக்கப்பட்டன. அவை பூட்டும் பி2ஒய்12 என்ற வாங்கியின் (தட்டணுவின் மேல் டைபாஸ்பேட் வந்து பொருந்தும் புரதம்) மரபணு அடையாளம் தெரிந்தது 2001இல்தான். மருந்து அதற்குள் சந்தைக்கே வந்துவிட்டது. அதே வாங்கியைத் தடுக்கும் கேங்கிரலோர் என்ற மருந்து, டிரைபாஸ்பேட்டின் வடிவத்தையே மாற்றிச் செய்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட அப்பாவின் மருந்துப் பெட்டியில் இருக்கும் குளோபிடோக்ரல் அட்டைக்கு வேர் அந்த மூன்று பக்கம். ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971இல் கண்டதும் அதே ராயல் காலேஜ் வளாகத்தில். பார்ன் பின்னர் கேம்பிரிட்ஜ், கிங்ஸ் காலேஜ் என்று போய், கடைசியில் வேன் தொடங்கிய வில்லியம் ஹார்வி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். ஹாம்ஸ்டர் எலியின் கன்னப்பையில் உள்ள நுண் ரத்தக் குழாயில் டைபாஸ்பேட்டைச் செலுத்தி, ரத்தக்கட்டு வளரும் வேகத்தை ஓட்டத்தின் வேகத்தோடு ஒப்பிட்டு அளந்தார். குழாயில் கண்டதை உயிருள்ள நாளத்தில் சரிபார்க்காமல் அவர் விடவில்லை. 2018இல் இறந்தார்.

நமக்கு நெருக்கமானது கிளான்ஸ்மான் நோய். உலக அளவில் அரிது. ஆனால் 1981லேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தென்னிந்தியாவிலிருந்து மட்டும் 42 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன், சில சமூகங்களில் அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் முடிக்கும் ஊரில் இரண்டு பழுதும் ஒரு வீட்டில் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். பெற்றோர் இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இருக்காது. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆரோக்கியமான ஒரு தட்டணுவின் மேல் சுமார் 80,000 இருக்கும் ஒட்டுப் புரதம், ஆல்ஃபா 2பி பீட்டா 3, இவர்களிடம் இல்லை அல்லது வேலை செய்வதில்லை. கைக்குழந்தையிடம் அக்ரிகோமீட்டருக்கு வேண்டிய அளவு ரத்தம் எடுக்க முடியாது. அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில், சில துளியிலேயே அந்தப் புரதத்தின் இரு பகுதிகளான சி.டி.41, சி.டி.61 இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

நோய் உறுதியான வீட்டில் சில விஷயங்கள் எழுதி ஒட்டிவைக்கத் தக்கவை. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம். இபுபுரோஃபென் கலந்த கூட்டு மாத்திரைகள் நிறைய உண்டு, அட்டையின் பின்பக்கம் படிக்க வேண்டும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன்பே ரத்தவியல் மருத்துவரிடம் சொல்லி, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சிறு கசிவுக்கும் தட்டணு ஏற்றினால், தங்களிடம் இல்லாத அந்தப் புரதத்துக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் தயாரித்துவிடும். அப்புறம் பெரிய அறுவைச் சிகிச்சை நாளில் ஏற்றும் தட்டணுவும் பலிக்காது. மிக விலையுயர்ந்த, ரத்த உறைவுப் புரதமான ஏழாம் காரணி மருந்தை நாட வேண்டிவரும். பெண் பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயது ஆனதும், பூப்படையும் நாளில் என்ன மாத்திரை, எந்த மருத்துவமனை, யாருக்கு போன் என்று தாயும் மருத்துவரும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும். அந்தத் தாளில் ரத்த வகையையும் எழுதிவிடுங்கள்.